தாழ் இரத்த அழுத்த மாத்திரைகள்: எதிர்பாராத விளைவுகளைக் கண்டுகொள்வதும் கையாள்வதும்

உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் ஒருவராவது இல்லாத வீட்டைக் காரைக்குடிப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அந்த மாத்திரைகளின் குணம் எல்லோருக்கும் ஓரளவு பழகிப்போயிருக்கிறது. இறங்கிப்போன அழுத்தத்தை ஏற்றுவதற்குத் தரப்படும் மாத்திரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவை சிலருக்கே எழுதப்படுகின்றன. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை மாத்திரையோடும் சத்து மாத்திரையோடும் ஒரே டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்து, காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, இராச் சாப்பாடு என்று மற்ற மாத்திரைகளின் கணக்கிலேயே விழுங்கப்படுகின்றன. மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்று இந்தச் சீட்டுகளைப் பார்த்துவரும் எனக்கு, இம்மருந்துகளால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. இவற்றின் நேரத்தைச் சாப்பாட்டை வைத்துக் கணக்கிடக் கூடாது. மாத்திரை போட்ட பிறகு உடம்பு நிமிர்ந்திருக்கப்போகிறதா, படுத்திருக்கப்போகிறதா என்பதை வைத்தே கணக்கிட வேண்டும்.

இங்கே எழுதியிருப்பது வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் குறித்துவைக்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைப் பற்றியதே தவிர, மருந்தின் அளவைத் தாமாகவே மாற்றிக்கொள்வதற்கான அனுமதி அல்ல.

எந்த மாத்திரை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

அட்டையின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழேயோ பின்புறத்திலோ சிறிய எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும். தாழ் இரத்த அழுத்தத்துக்கு நம்மூரில் பெரும்பாலும் எழுதப்படுபவை மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற இரண்டுதான். சிலருக்குப் பைரிடோஸ்டிக்மின் எழுதப்படுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள மருத்துவரைக் கேட்டு அனுப்பிவைத்த பெட்டியில் ட்ராக்சிடோபா என்ற பெயரும் இருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றும் அழுத்தத்தை ஏற்றும் வழி வேறு. ஆகவே தரும் தொல்லையும் வேறு. எது என்று தெரியாமல் ‘லோ பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மருத்துவரிடம் சொன்னால், அவர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

இந்த மருந்து தேவைதானா என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. 90/60 என்று கருவி காட்டினாலும், எழுந்து நின்றால் தலை சுற்றாமல், கண் இருட்டாமல், வேலை தடைப்படாமல் இருப்பவருக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. படுத்திருந்து எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால்தான் அதை நிலை மாற்றத் தாழ் அழுத்தம் என்று மருத்துவம் கொள்கிறது. அப்படிக் குறைவதற்கும் பல நேரங்களில் வேறு மாத்திரையே காரணமாக இருக்கும்: வீக்கத்துக்கான நீர் மாத்திரை, புராஸ்டேட் சுரப்பிக்கான டாம்சுலோசின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைத் தளர்த்திவிடுவதும், உடலில் நீர் குறைந்துபோவதும் மற்ற காரணங்கள். இறக்குகிற மாத்திரை ஒன்றை வைத்துக்கொண்டே ஏற்றுகிற மாத்திரை ஒன்றையும் சாப்பிடுவது, ஒரு பக்கம் உடைப்பு இருக்க மறுபக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் விடுவதைப் போன்றது.

மிடோட்ரின்: தலை அரிப்பும் சிலிர்ப்பும்

மிடோட்ரின் இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. வயிற்றுக்குள் போன மாத்திரை உடலில் வேறொரு பொருளாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்தப் பொருள் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. குழாய்களை இறுக்கும் அதே தூண்டல் ரோமக்கால்களின் அடியில் இருக்கும் நுண்ணிய தசைகளையும் இறுக்குகிறது. அதனால் அக்கினி நட்சத்திர வெயிலிலும் கை ரோமம் குத்திட்டு நிற்கும், முதுகில் குளிர் ஓடும், தலைத்தோல் ஊறல் எடுத்து அரிக்கும். காய்ச்சல் வரப்போகிறது என்று எண்ணிப் பாரசிட்டமால் கேட்பவர்கள் உண்டு.

ஓர் ஆச்சி பேன் மருந்து கேட்டுக் கடைக்கு வந்தார். பேன் வந்தால் வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்க வேண்டுமே என்று கேட்டதற்கு, “யாருக்கும் இல்லை தம்பி, எனக்கு மட்டுந்தான், உச்சந்தலை எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு” என்று சொல்லி, மேசையருகே குனிந்து வகிட்டைப் பிரித்துக் காட்டினார். பொடுகும் இல்லை, தடிப்பும் இல்லை, நகம் பட்ட கீறல் மட்டும் இருந்தது. “எந்நேரம் அரிக்கும் ஆச்சி?” என்று கேட்டபோதுதான் விவரம் பிடிபட்டது. காலை 7 மணிக்கு மாத்திரை. 8 மணிக்கு அரிப்புத் தொடங்கும். 10 மணிக்கு மேல் தானாக அடங்கும். மதிய மாத்திரைக்குப் பிறகு மறுபடி வரும். மருந்தினால் வரும் அரிப்பு இப்படிக் கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். பேனுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

இந்த அரிப்பும் சிலிர்ப்பும் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் மட்டும் அது ஒவ்வாமையாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னால் போதும்; அளவைக் குறைத்தோ வேளைகளை மாற்றியோ அவர் தணித்துத் தருவார். அரிப்புக்கென்று தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவது இரட்டைத் தொல்லை. அந்த மாத்திரை மயக்கத்தைத் தரும். முதியவர்களுக்குச் சிறுநீரையும் அடைக்கும்.

சிறுநீர் விஷயத்தில் கூச்சப்படக் கூடாது. மிடோட்ரின் சிறுநீர்ப்பையின் வாயிலில் உள்ள தசையையும் இறுக்குவதால், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, போனாலும் முழுதாகப் போகாத உணர்வு, தாரை மெலிவது ஆகியவை வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஐயாக்களுக்கு இது முற்றி, அடிவயிறு உப்பி, ஒரு சொட்டும் வராத நிலைக்குப் போவதுண்டு. அந்நிலை அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாடித் துடிப்பு மெதுவாவதும் இம்மருந்தின் இன்னொரு குணம். இதயத்துக்கென்று டிகாக்சின் அல்லது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் நாடியை எண்ணிக் குறித்துவர வேண்டும்; நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ, கூடவே தலை சுற்றினாலோ, அடுத்த வேளையைப் போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இம்மருந்து உடலிலேயே தங்கிவிடும் என்பதால் குறைந்த அளவிலேயே தொடங்குவார்கள். சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள்.

படுத்தால் ஏறும் அழுத்தம்

மேலே சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்வது ஆபத்து. நிற்கும்போது கால்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுவதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்து, படுத்த பிறகும் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது இரத்தம் கால்களில் தேங்குவதில்லை என்பதால், அழுத்தம் 180, 200 என்று ஏறிவிடக்கூடும். மிடோட்ரினை 1996-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தபோது, அதன் குறிப்பேட்டில் கட்டம் கட்டிப் போட்ட எச்சரிக்கையே இதுதான். ட்ராக்சிடோபாவுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. ஃப்ளூட்ரோகார்டிசோனும் இதைச் செய்யும். பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது. சிலருக்குப் பிடரி கனக்கும், காதுக்குள் துடிப்பு கேட்கும், கண் மங்கும்.

நம்மூரில் இது நிகழ்வதற்கு ஏற்ற நேரம் மதியம். செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிட்டவர் உட்கார்ந்துகொண்டிருப்பது அரிது. ஒரு மணிக்குச் சாப்பாடு, கையோடு மதிய மாத்திரை, பிறகு வளவின் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் மட்டமாகப் படுத்து ஒரு தூக்கம் என்பதே பெரிய வீடுகளில் வழக்கம். மருந்து உச்சத்துக்கு வரும் நேரமும், உடம்பு மட்டமாகக் கிடக்கும் நேரமும் துல்லியமாக ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வேலைக்காரப் பெண்ணும் மதியத்தில் வீட்டுக்குப் போயிருக்க, அந்த ஒரு மணி நேரத்தில் அழுத்தம் என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதற்கு யாரும் இருப்பதில்லை.

இதற்கு வழி மூன்று. காலையில் எழுந்து நடமாடத் தொடங்கும்போது ஒன்று, நடுப்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்பதே மிடோட்ரினுக்கு வழக்கமான முறை. கடைசி வேளை மாலை 6 மணியைத் தாண்டக் கூடாது, படுப்பதற்கும் அதற்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இராச் சாப்பாட்டோடு போடும் மூன்றாவது மாத்திரையை இந்தக் காரணத்துக்காகவே மருத்துவரிடம் கேட்டு உடனே மாற்றிவிட வேண்டும். அடுத்தது, மதியம் உறங்கியே ஆக வேண்டும் என்பவர் அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லி, நடுப்பகல் வேளையை முன்னே தள்ளலாமா, உறக்கம் முடிந்து எழும்போது வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்று கேட்க வேண்டும். மூன்றாவது வழியை நம் வீடுகள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. முகப்பில் தூசி படிந்து கிடக்கும் பர்மாத் தேக்கு சாய்வு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தலை உயர்ந்து கால் தாழ்ந்திருக்கும்படி அதில் சாய்ந்து உறங்கினால், மட்டமாகப் படுக்கும்போது ஏறும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. பாட்டன்மார் உறங்கிய முறை மருத்துவக் காரணத்தை எண்ணி வந்ததல்ல என்றாலும், இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைவிடப் பொருத்தமான இருக்கை கிடைப்பது கடினம்.

இரவுக்கு, கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டின் கீழும் அரை அடி உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைத்துக் கட்டிலையே சரிவாக்க வேண்டும். தலையணையை அடுக்குவது கழுத்தை மட்டும்தான் மடக்கும். தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவருக்கு இது சிரமம் என்பது தெரிந்ததே. ஆனால் இதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. இரவில் படுத்த நிலையில் அழுத்தம் ஏறினால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றிவிடும். அதனால் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து, இரண்டாங்கட்டையும் தாண்டிக் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நடக்க நேர்கிறது; விடியும்போது உடலில் நீர் குறைந்து, காலை அழுத்தம் மேலும் தாழ்ந்துபோகிறது. ‘இராத்திரி மாத்திரையும் போட்டேன், காலையில் இன்னும் மோசமாக இருக்கிறதே’ என்பவர்களின் புதிர் பெரும்பாலும் இங்கேதான் அவிழும். கட்டிலைச் சரித்துப் போட்டால் இரவு நடையும் குறையும், காலைத் தள்ளாட்டமும் குறையும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: விடியலுக்கு முன்னும் மாலையிலும் நடந்து, பகலில் தங்குமிடத்தில் படுப்பவராக இருந்தால், வீட்டில் பழகிய மாத்திரை நேரம் அங்கே தலைகீழாகிவிடும். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் நடை நேரத்தைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நிலையில் யாத்திரை போகலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஃப்ளூட்ரோகார்டிசோன்: வீக்கமும் பொட்டாசியமும்

இது உப்பையும் நீரையும் உடலில் தக்கவைத்து இரத்தத்தின் கொள்ளளவைக் கூட்டுகிறது. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், மூன்றாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று இன்னொன்றைச் சேர்த்து விழுங்குவது தவறு. தங்கிய நீர் முதலில் காலில் தெரியும். மாலையில் செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். மோதிரம் விரலில் இறுகும். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி சற்று நேரம் நிற்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் அது சதை அல்ல, நீர். மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மட்டமாகப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அன்றே காட்ட வேண்டும். இதயம் தளர்ந்தவர்களுக்கு இம்மருந்து பாரமாகிவிடக்கூடும்.

உப்பைப் பிடித்துவைக்கும் அதே வேலையில் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுவது இம்மருந்தின் மறைவான தீங்கு. கெண்டைக்கால் இரவில் பிடித்து இழுக்கும், படி ஏறத் தொடை வலுவிழக்கும், மலம் கட்டும், நெஞ்சு படபடக்கும். ஒவ்வொன்றையும் வயதின் மேல் பழி போட்டுவிட முடியும் என்பதால்தான் இது தெரியாமல் போகிறது. மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்திலும், அளவு மாறும்போதும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும்; அவர் எழுத மறந்தால் நீங்கள் நினைவூட்டலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை அளவையும் கவனிக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் உள்ளவைதான். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அவையே கேடாகலாம் என்பதால் பரிசோதனை இல்லாமல் அவற்றை மருந்தாக்க வேண்டாம்.

உப்பு அதிகம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர் என்று உப்புக்கண்டம், கருவாடு, மோர் மிளகாய், மாவடு எல்லாவற்றையும் இலையின் ஓரத்துக்கு வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் சொன்னது எந்த மருந்துக்கு முன்பு, எவ்வளவு என்பதை மறுபடி கேளுங்கள். மருந்தில்லாத காலத்தில் சொன்ன உப்பும், ஃப்ளூட்ரோகார்டிசோன் தொடங்கிய பிறகான உப்பும் ஒன்றல்ல.

இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதிலும் அட்ரினல் சுரப்பி பழுதானதால் இம்மருந்து எழுதப்பட்டவர்களுக்கு இது அழுத்தத்தை ஏற்றும் மருந்து மட்டுமல்ல, உடல் தானே சுரக்க வேண்டியதற்கு ஈடு. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதே அவர்களுக்கு உயிராபத்து. பையில் ஓர் அட்டை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

பைரிடோஸ்டிக்மினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயிறு முறுக்குதல், இளகிய மலம், எச்சில் ஊறுதல், வியர்வை ஆகியவை அதன் அடையாளங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒரு மாத்திரைக்காக இன்னொரு மாத்திரை

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நம் பக்கத்தில் ஒரே நோயாளி காரைக்குடியில் ஒருவரிடமும், மதுரையில் இன்னொருவரிடமும், வெளிநாட்டு மகன் தொலைபேசியில் பிடித்துத் தந்த மூன்றாமவரிடமும் காட்டுவது சாதாரணம். கால் வீங்குகிறது என்று இரண்டாமவரிடம் போனால், முதலாமவர் கொடுத்த ஃப்ளூட்ரோகார்டிசோன் அவருக்குத் தெரியாத நிலையில் நீர் மாத்திரை எழுதுவார். வீக்கம் வடியும், கூடவே அழுத்தமும் வடியும், இரு மருந்தும் சேர்ந்து பொட்டாசியத்தைத் துடைத்தெடுக்கும், தலைசுற்றல் கூடியது என்று முதலாமவர் அளவை உயர்த்துவார். மிடோட்ரினால் சிறுநீர் தடைப்பட்டவருக்கு டாம்சுலோசின் எழுதப்பட்டால், ஒன்று குழாயை இறுக்க, மற்றொன்று தளர்த்தும். மட்டமாகப் படுத்திருந்தபோது 170 பார்த்தவர்கள் உயர் அழுத்தத்தை இறக்கும் ஆம்லோடிபின் ஆரம்பித்துவிட்டால், மறுநாள் காலை குளியலறை நிலைப்படியில் விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள். அந்தப் பணியாளரிடமும் ‘இவர் தாழ் அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறார், கடைசி மாத்திரை இத்தனை மணிக்கு’ என்பதைச் சொல்லிவிட்டே கையை நீட்டுங்கள்.

ஆகவே, புது மாத்திரை தொடங்கிய பிறகோ அளவு கூடிய பிறகோ புதிதாக எது வந்தாலும், அது அந்த மாத்திரையின் வேலை அல்ல என்று உறுதியாகும் வரை அதன் வேலை என்றே கொள்ளுங்கள். அதற்கென்று தனி மாத்திரை வாங்குவதற்கு முன், முதல் மாத்திரையை எழுதியவரிடம் போங்கள்.

சீட்டில்லாமல் வாங்குபவற்றுக்கும் இது பொருந்தும். சளி, மூக்கடைப்புக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. அதுவும் மிடோட்ரினைப் போலவே குழாயை இறுக்குவது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் எகிறும். இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அதிமதுரம் பலருக்கும் வியப்பளிக்கும் பொருள். அதில் உள்ள இனிப்புச் சத்து உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்குகிறது, அதாவது ஃப்ளூட்ரோகார்டிசோன் செய்வதையே செய்கிறது. குரலுக்கென்று ஒரு துண்டை எப்போதோ வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றிப் பேசவில்லை; நாள்தோறும் கஷாயமாகவோ சூரணமாகவோ குடிப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ‘நாட்டு மருந்துதானே’ என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியல்ல. அதற்கும் குணம் உண்டு என்பதால்தானே வாங்குகிறோம்.

அளந்து குறித்துவைக்கும் முறை

மேற்கையில் பட்டை கட்டும் கருவியே நம்பத்தக்கது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காப்பி குடிக்காமல், பேசாமல், 5 நிமிடம் படுத்திருந்து முதல் அளவை எடுங்கள். பிறகு எழுந்து நின்று 1-ஆம் நிமிடத்தில் ஒன்றும், 3-ஆம் நிமிடத்தில் ஒன்றும் எடுங்கள். நிற்கும்போது கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். முன்கையை மேசையிலோ இன்னொருவர் தோளிலோ நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கவையுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தலை சுற்றினால் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே உட்காரவைத்துவிடுங்கள்.

நாள் முழுக்க அளந்துகொண்டிருப்பது வீண். மனக்கலக்கமே அழுத்தத்தை மாற்றிவிடும். காலையில் மாத்திரைக்கு முன், மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில், இரவு படுத்தவுடன் என மூன்று நேரம் பார்த்தால் மருத்துவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். குறிப்பேட்டில் அழுத்தத்தின் எண்ணோடு, படுத்தா நின்றா என்பதையும், மாத்திரை போட்ட நேரத்தையும், அப்போது உணர்ந்ததையும் எழுதுங்கள். நிலை எழுதாத எண் இம்மருந்துகளைப் பொறுத்தவரை பயனற்ற எண். விருந்துக்குப் போன நாளையும் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த நாளையும் ஓரத்தில் குறியுங்கள்; வயிறு நிறைய உண்ட பிறகு இரண்டு மணி நேரம் வரையிலும், வெந்நீர்க் குளியலுக்குப் பிறகும் அழுத்தம் தானாகவே இறங்கும். அதை மருந்து தோற்றதாகக் கொண்டு அளவைக் கூட்டிவிடக் கூடாது. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் வரிசையாக வரும் பந்தியில் கொஞ்சமாக உண்பது, அன்றைய மயக்கத்துக்கு எந்த மாத்திரையையும் விட நல்ல தடுப்பு.

எப்போது காத்திருக்கக் கூடாது

படுத்த நிலையில் மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டுவது தொடர்ந்தால், அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்கென்று வேறு எல்லையை அவர் எழுதித் தந்திருந்தால் அதுவே கணக்கு. 180-ஐத் தாண்டியிருந்தால் முதலில் எழுப்பி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, 10 நிமிடத்தில் மீண்டும் அளந்து, குறையாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். வீட்டில் இன்னொருவர் சாப்பிடும் உயர் அழுத்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைப்பது பழைய வழக்கம். அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போகாமல் செய்துவிடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது.

தாங்க முடியாத தலைவலி, நெஞ்சு வலி, பார்வை மங்கல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, மூச்சுத் திணறல், நினைவிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். போகும்போது குறிப்பேட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெட்டிய அட்டையில் பெயர் போயிருந்தாலும் மருத்துவர் மாத்திரையைப் பார்த்து ஓரளவு ஊகிக்க முடியும்.

ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள். மாலை 6-க்கு மேல் நினைவுக்கு வந்த மிடோட்ரின் அன்றைக்கு வேண்டாம். பகல் முழுதும் காய்ச்சலில் படுக்கையாகக் கிடப்பவருக்கு மிடோட்ரினைக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள். ஃப்ளூட்ரோகார்டிசோனை மட்டும் அப்படி நிறுத்திவைக்காதீர்கள்.

பதிவு செய்வது

அட்டையோடு வந்த தாளில் இல்லாத ஏதோ ஒன்று நேர்ந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்வதோடு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். 2010-இல் தொடங்கிய இத்திட்டத்தைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்துகிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே அழைக்கலாம், பொதுமக்களுக்கான படிவமும் உண்டு. மருந்தின் மூலப்பெயர், கம்பெனிப் பெயர், அட்டையில் அச்சிட்ட தொகுதி எண், காலாவதித் தேதி, தொடங்கிய நாள், தொல்லை வந்த நாள், கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள், நிறுத்தியபின் தொல்லை தீர்ந்ததா என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அதனால் தொல்லை தந்த மாத்திரையின் அட்டை காலியானாலும் அதை எறிந்துவிடாமல், தொகுதி எண் இருக்கும் பக்கத்தைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்துவிடுங்கள்.